ஸ்டிக்கருக்கு அடியில்

ஜூலை 8, திங்கள்

மதிப்பிற்குரிய இரண்டாம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

தங்கச்சி என்று ஆரம்பித்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். அதனால் உன் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பாவாக எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுவாய். என் மகள் வாலு தன் பையில் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிப் படித்துத்தானே ஆகவேண்டும்?

போன வாரம் என்ன பாடம் நடத்தினாய்? தேதி படிப்பதாம். நாள், மாதம், வருடம். நடத்து, யார் வேண்டாம் என்றது? சுவரில் காலண்டர் இல்லையா? ஆளுக்கொரு காலி பாக்கெட் கொண்டுவா, எந்தத் தேதியில் செய்தது, எதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், கண்டுபிடி என்று வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாய். மளிகைக் கடைக்காரன் மகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உன் கண்ணில் படவில்லையா?

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். தையல்காரம்மா தன் கைக்குழந்தைக்குப் பால்மாவு டின் எடுத்தார். கல்லா பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்திருந்த உன் மாணவி எழுந்து போய், டின்னை வாங்கி, விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, "பிப்ரவரியோட முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. பிப்ரவரி ரெண்டாவது மாசம். இப்போ ஏழாவது மாசம்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். கடையே திரும்பிப் பார்த்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் வகுப்புப் பொடிசுகள் ஒரு மிட்டாய் வாங்க வந்தால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன. நீ நடத்துவது பள்ளிக்கூடமா, சோதனைச் சாவடியா? உடனே வேறு பாடத்துக்குப் போ.

இப்படிக்கு,
மாணவியின் அப்பா


ஜூலை 9, செவ்வாய்

அண்ணாவுக்கு,

மாணவியின் அப்பாவுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணாவுக்கே எழுதுகிறேன். கோபப்பட வேண்டியவர் தையல்காரம்மா. நீங்கள் எதற்குக் குதிக்கிறீர்கள்?

வியாழக்கிழமை வகுப்பில் நடந்ததை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகளும் பாக்கெட் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தன் சோப்பு உறையைக் கொண்டுவந்து, இதை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கேட்டான். இன்னொருத்தி கம்பெனியின் போன் நம்பரைத் தேதி என்று படித்தாள். ஒரே சிரிப்பு. அப்போதுதான் வாலு கையைத் தூக்கினாள்.

"எங்க கடையில தேதியெல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில இருக்கும் டீச்சர். நகத்தால சுரண்டணும்."

"யாரும்மா ஒட்டினது?"

"நான்தான். அந்த நம்பர் மேலயே ஒட்டணும்னு அப்பா சொல்லியிருக்காங்க. நான் நேரா ஒட்டுவேன் டீச்சர். ஒண்ணுகூட கோணலா இருக்காது."

எவ்வளவு பெருமை அவளுக்கு! பிறகு தன் பிஸ்கட் பாக்கெட்டைச் சுரண்டினாள். தேதி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டிக்கரை நீங்களே ஒட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? ஏழு வயதுப் பிள்ளையின் கைதான் கிடைத்ததா? எனக்கு வயிறு எரிகிறது. பாடத்தை மாற்ற மாட்டேன். நீங்கள் அலமாரியை மாற்றுங்கள்.

உங்கள் தங்கை


ஜூலை 11, வியாழன்

தங்கச்சிக்கு,

உனக்கு நாக்கு நீண்டுவிட்டது. நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போனது எந்தக் கடையால் என்று கொஞ்சம் நினைத்துப் பார். அப்பா நோயில் படுத்த பிறகு காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கியவன் நான். நீ அப்போது பாட்டு எழுதி, படம் ஒட்டி, பொம்மை செய்து கொண்டிருந்தாய், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள.

பிஸ்கட் ஒரு மாதம் தாண்டினால் யார் செத்துவிட்டார்கள்? நானும் அதைத்தான் தின்கிறேன். பால்மாவு டின் விஷயம் வேறு. அது பின்வரிசையில் கிடந்தது, நான் கவனிக்கவில்லை. அதற்காக ஊரே என்னைத் திருடன் மாதிரிப் பார்க்க வேண்டுமா?

நீ பாடத்தை மாற்ற வேண்டாம். நானே வேறு வழி செய்துவிட்டேன். வகுப்பிலோ கடையிலோ யார் தேதி கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடு என்று வாலுவிடம் சொல்லியிருக்கிறேன். "தெரிஞ்சாலும் தெரியாதுன்னா சொல்லணும்ப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் மறுபடி வாயைத் திறந்தபோது பின்னந்தலையில் ஒன்று வைத்தேன். எல்லாம் உன்னால்தான். இனி அவளிடம் தேதி கேட்காதே.

அண்ணன்


ஜூலை 18, வியாழன்

மாணவியின் அப்பாவுக்கு,

நேற்று வகுப்பில் தேர்வு வைத்தேன். மொத்தம் பத்துக் கேள்வி. கூட்டல், கழித்தல், மணி பார்ப்பது எல்லாம் உங்கள் மகளுக்கு முழுவதும் சரி. தேதிக் கேள்வி நான்கையும் வெறுமையாக விட்டிருந்தாள். அதில் ஒன்று, உன் பிறந்த நாள் எது என்பது.

பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியாது டீச்சர்" என்றாள். ஆகஸ்ட் மூன்று, ஆகஸ்ட் மூன்று என்று ஒரு மாதமாக வகுப்பையே பிடுங்கி எடுத்த பிள்ளை! பின்பெஞ்சுப் பையன்கள் "ஆகஸ்ட் மூணு!" என்று கத்தினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் கரும்பலகையில் தேதி எழுதும் வேலையை அவள் என்னிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். எட்டாதென்று நாற்காலிமேல் ஏறி எழுதுவாள். ஒரு வாரமாக நான் சாக்பீஸை நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். இப்போது வேறொரு பிள்ளை எழுதுகிறது.

தெரியாத பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியும். பாட்டு, படம், பொம்மை என்று கேலி செய்தீர்களே, அதெல்லாம் அதற்குத்தான். தெரிந்ததை ஒளித்துவைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு நான் எந்தப் பொம்மையைச் செய்து காட்டுவது? டின்மேல் ஒட்டிய மாதிரியே அவள் வாய்மேலும் ஒட்டிவிட்டீர்கள். நன்றாக நேராகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள்.

கடை வாசலை இனி நான் மிதிக்க மாட்டேன். அண்ணியிடமும் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை


தேதி: ____________

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். பதிலே எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அலமாரி முழுவதையும் காலி செய்தேன். உனக்குப் பயந்து என்று நினைத்துக்கொள்ளாதே. வாலுவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஸ்டிக்கரை நான் சுரண்டினேன். ஒரு பால்மாவு டின்னை அவள் கையில் கொடுத்து, "என்ன தேதி போட்டிருக்கு, படிம்மா" என்றேன்.

அவள் டின்னைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. நீங்க என்ன தேதி சொல்றீங்களோ, அதுதான்."

இன்னொரு டின்னைக் கொடுத்தேன். அதே பதில். பயந்துபோய்ச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நல்ல பிள்ளையாக, அப்பாவுக்குப் பிடித்த பதிலைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னாள். "உள்ளதைப் படிடி!" என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்து உன் அண்ணி ஓடிவந்தாள். கத்தியும் அவள் படிக்கவில்லை.

கழித்ததெல்லாம் நான்கு பெட்டி. குப்பை வண்டிக்காரரிடம் போட்டாயிற்று. போன மாதம் தையல்காரம்மா வாங்கிப்போன டின்னும் அந்தப் பிப்ரவரி டின் வந்த அதே பெட்டியில் வந்ததுதான். அதை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. நேராக அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கிறது. மீதி டின்னை என் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தட்டும்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கடைக்காரன் மகளுக்கு அப்படி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தவள்தானே நீ. ஆனால் இரண்டு நாளாக எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் சொன்னால் அவள் எதை வேண்டுமானாலும் எழுதிவிடுவாள். அது எனக்கு வேண்டாம். மேலே தேதி போடாமல் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, பக்கத்தில் நிற்காதே. ஒரு நாளோ ஒரு மாதமோ ஆகட்டும். அவளாக எழுதும்வரை இது உன் மேஜையிலேயே இருக்கட்டும்.

அண்ணன்