மாமரத்துக்கு மாசத் தவணை

நவம்பர் 4
லோன் இல்லை. "பற்றில்ல, நவீனே" என்று மலையாளத்தில் கைவிரித்த மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார்: கிரெடிட் ஸ்கோர் 561. நான் ஜென்மத்தில் கடன் வாங்கியதில்லை! கமலாத்தாளம்மாவின் மாந்தோப்பில் பூ எடுத்தாச்சு. மாசக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் குத்தகை வேறு ஆளுக்கு.

நவம்பர் 5
ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தேன். பிக்கப் வண்டிக் கடன். வாங்கியவர் பூபதி மச்சான், வனிதா அக்காவைக் கட்டினவர். ஜாமீன் நான். "ஒரு கையெழுத்துதான மாப்ளே" என்றார், போட்டேன். மோட்டார் ரிப்பேருக்கு சர்க்யூட் படத்தை நாலு தரம் படிக்கிறவன் அன்றைக்கு ஒரு வரி படிக்கவில்லை.

மச்சான் ஏமாற்றுகிறவர் இல்லை. மாங்காய் விற்றதும் மொத்தமாக, அபராதத்தோடு கட்டிவிடுவார். ஆனால் கடன் கொடுத்தவன் ஸ்கோர் போடுகிற கம்பெனிக்கு மாசாமாசம் தகவல் அனுப்புகிறான். முப்பது நாள் தாமதம், அறுபது நாள், தொண்ணூறு நாள் — எல்லாம் என் பெயரிலும்.

போனில் கத்தினேன். "மாசாமாசம் கட்டுனா என்னுங்க மச்சா?"
"மாமரம் மாசாமாசமா காய்க்குது?"
போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 8
ஒரே நாளில் ஆறு ஆப்பில் லோன் கேட்டேன். ஆறும் இல்லை. ஸ்கோர் 538. ஒவ்வொருத்தன் என் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்ததும் பதிவாகுமாம். நிறையப் பேர் பார்த்தால் நான் பணத்துக்குப் பறக்கிறேன் என்று அர்த்தமாம். பறக்கிறேன்தான். அதனால்தானே கேட்டேன்?

நவம்பர் 26
ஸ்கோர் கம்பெனிக்குப் போட்ட மறுப்பு மனுவுக்குப் பதில்: "தகவல் சரியானது." சரிதான். அதுதான் கடுப்பு.

நவம்பர் 28
கமலாத்தாளம்மா வரச் சொன்னார். மண்டியில், மோட்டார் கடையில், டீக்கடையில் என்னைப் பற்றி விசாரித்தாராம். என்னைக் கேட்கவே இல்லை!
"மச்சானுக்கு ஜாமீன் நின்னயாமா தம்பி. சொந்தத்த உட்டுக் குடுக்காத பையன். காசு காய் எறங்குனதும் குடு, போ."
அதே கையெழுத்து.

ஏப்ரல் 19
குத்தகைக் காசு முழுக்கத் தீர்த்தேன். கமலாத்தாளம்மா கேட்டார்: "மேக்கால தோப்ப ஈஸ்வரன் கேக்கறான். ஆளு எப்படி?"
போன வருசம் அவன் மோட்டாரைச் சரிசெய்த கூலிக்கு நாலு தரம் நடந்தேன். "இழுத்தடிப்பானுங்க" என்றேன்.

ஏப்ரல் 21
டீக்கடையில் ஈஸ்வரன். "தோப்பு இல்லேன்னுட்டாங்கடா. ஏன்னே தெரியல."
நான் டீயைக் குடித்தேன். அவன் எங்கே போய் மறுப்பு மனு போடுவான்?
ரெண்டு டீக்கும் அவன்தான் காசு கொடுத்தான். கையோடு.