கழுவிவிட்டாக

மார்ச் 3, செவ்வாய்

ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ்ஸில் நின்றே பயணம்.

பிரசவ வார்டில் இன்று முதல் எனக்குத் தாள் வேலை. சிசேரியனுக்குப் போகிற ஒவ்வொருத்தியிடமும் பத்துக் கேள்வி. ரத்தப்போக்கு அதிகமாகுமா என்று முன்கூட்டியே கணிக்க. ஆபத்து என்றால் சிவப்பு ஸ்டிக்கர், ரத்தம் தயாராக இருக்கும். இல்லையென்றால் பச்சை. ஆறு பேரை அரை மணியில் முடித்தேன்.

"இம்புட்டு சீக்கிரமா முடிச்சிட்டியா செல்வி?" என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒரே பெருமை.

வாங்க: இட்லி அரிசி, ரீஃபில், குடை. (குடை வீட்டில்தான் இருக்கிறது, முட்டாள்.)

மார்ச் 4, புதன்

இப்போதுதான் வீடு வந்தேன்.

சங்கீதா. அலங்காநல்லூர். வயது இருபத்து நாலு. தலைப்பிரசவம். பச்சை, நேற்று நான் ஒட்டியது.

பிள்ளை நன்றாக வந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை. கர்ப்பப்பையோடு ஒட்டிக்கிடந்தது, ஸ்கேனிலும் தெரியாமல். பிறகு ரத்தம். எத்தனை துணி வைத்தும் நிற்காமல்.

"ரத்தம் எங்க?" என்றார் டாக்டரம்மா. எடுத்து வைக்கவில்லை. பச்சைதானே.

ரத்தம் வந்து சேர்வதற்குள் உயிரே போய்விடும் போலானது. புருஷனிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிழைத்தாள்.

அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். நாலாவது கேள்வி: கர்ப்பப்பையில் ஆபரேஷன் நடந்ததா? இல்லை. என் கையெழுத்து.

சாப்பிடவில்லை.

மார்ச் 5, வியாழன்

சங்கீதாவின் அம்மா வாசலில் ஃப்ளாஸ்க்கோடு நின்றார். கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, முன்னாடி ஆபரேஷன் எதுவும் நடந்துச்சா?"

"ஆபரேஷனா? அதெல்லாம் இல்ல தாயி. ரெண்டு தடவ கரு தங்கல, கழுவிவிட்டாக. அம்புட்டுத்தான்."

கழுவிவிட்டாக. எங்கள் தெருவிலும் இதே பேச்சுத்தான். என் அக்காவுக்கும் கழுவினார்கள். அவளைக் கேட்டிருந்தாலும் ஆபரேஷன் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். கழுவுவதும் கர்ப்பப்பையைச் சுரண்டும் ஆபரேஷன்தான், சுரண்டிய இடத்தில் தழும்பு விழும், அடுத்த நஞ்சுக்கொடி அதில் ஒட்டிக்கொள்ளும் என்று படித்துப் பாஸ் பண்ணியவள் நான். தாளில் இருந்த வார்த்தையை அப்படியே கேட்டு டிக் அடித்திருக்கிறேன். சனியன் பிடித்த வேகம்.

உள்ளே போனேன். சங்கீதா கண் விழித்திருந்தாள்.

"அக்கா, அடுத்த பிள்ளையும் ஆபரேஷன்தானா?"

கர்ப்பப்பையை எடுத்ததை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஊசி எடுக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

மேகமூட்டம். குடை எடுத்துப் போனேன்.

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. நாலாவது கேள்விக்குக் கீழே என்னையே எழுதச் சொன்னார்: "கழுவிவிட்டாகளா?"

செவ்வாய்க்கிழமை ஆறு பேரில் ஒருத்தி மட்டும் பாக்கி. கப்பலூர் கம்பெனியில் வேலை. பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர். பச்சை. ஒன்பதரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஆமாக்கா, ரெண்டு தடவ. அன்னைக்கு நீங்க அதக் கேக்கவே இல்லையே."

பச்சையை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அதன் மேலேயே சிவப்பை ஒட்டிவிட்டு ரத்தம் எடுத்துவர ஓடினேன்.