பார்வோன் வரும் சாலை

எருசலேம்,
சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம், பத்தாம் மாதம்

என் அன்பான வீட்டுக்காரருக்கு எப்சிபாள் எழுதுவது. நானும் நம் மகள் மில்காவும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விடுங்கள்.

பாபிலோனிலிருந்து வந்த கல்தேயர் முற்றுகையை விட்டுவிட்டுக் கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எகிப்து ராஜா பார்வோன் ஒப்பிராவின் படை வருகிறது என்ற பேச்சுக்கே இந்த ஓட்டம். படை கேட்கப் போன தூதர்களோடு எழுத்தராகப் போனவர் என் புருஷன், இப்போது அந்தப் படையோடேயே வருகிறார் என்பதால் தெருவில் எனக்குத் தனி மரியாதை. மில்கா கூரையைவிட்டு இறங்குவதில்லை. தெற்குச் சாலையைப் பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்கப்பா பார்வோனைக் கூட்டிட்டு வர்றார்" என்கிறாள்.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முற்றுகையின்போது ராஜா சொன்னபடி அடிமைகளை எல்லாரும் விடுதலை செய்தோம். கோயிலில் கன்றை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். நடுவே நடந்து, நம் தீர்சாள் இனி யாருக்கும் அடிமையில்லை என்று நானும் சத்தியம் பண்ணினேன். கல்தேயன் முதுகைக் காட்டியதும், விட்டவர்களே போய் அவர்களைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். உங்கள் அண்ணன் மாசெயா கயிற்றோடு நம் வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன்.

தீர்சாள் தன் ஊர் மிஸ்பாவுக்குப் போகிறாள். எங்களையும் கூப்பிடுகிறாள். மதிலின் பென்யமீன் வாசல் இப்போது திறந்திருக்கிறது. எத்தனை நாள் திறந்திருக்குமோ? போகட்டுமா? எண்ணெய் வியாபாரி ஊரியிடம் பதில் கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் எப்சி


காசாவுக்குத் தெற்கே, பார்வோனின் பாளையம்,
அதே மாதம்

என் எப்சிக்கு,

பைத்தியமே, ஜெயிக்கிற நேரத்தில் யாராவது ஊரைவிட்டு ஓடுவார்களா? இங்கே வந்து தேர்களைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டாய். தளபதி பேசினதை நம் தூதர்களுக்கு மொழிபெயர்த்தவனே நான்தான். "எருசலேமில் உன் வீட்டில்தான் எனக்கு விருந்து" என்று என் தோளைத் தட்டினார். நீ வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் என் மானம் என்னாவது? நீ அந்தப் பக்கம் போனால் அண்ணன் இந்தப் பக்கம் குடியேறிவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும்.

தீர்சாளையும் விடாதே. பயத்தில் பண்ணின சத்தியம் எங்கே செல்லும்? ஊரே கூட்டி வருகிறது, நீ மட்டும் என்ன பெரிய இவளா? அவள் போய்விட்டால் மாவரைக்க யார் இருக்கிறார்கள்?

நான் வரும்வரை அங்கேயே இரு. மில்காவைக் கூரையிலேயே இருக்கச் சொல். முதலில் என்னைப் பார்க்கப்போவது அவள்தான்.

பெலத்தியா


எருசலேம்,
பதினோராம் மாதம்

என் அன்பானவருக்கு,

எழுதுகிற பாப்பிரசுத் தாள் தீர்ந்துவிட்டது. உடைந்த பானை ஓட்டில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டு இருந்துவிட்டேன். ஆனால் தெற்கேயிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. பார்வோன் தன் தேசத்துக்குத் திரும்பிவிடுவான், கல்தேயன் மறுபடி வருவான் என்று ஒருவர் கோயில் முற்றத்தில் சொல்லித் திரிகிறார். ஜனங்கள் அவரை அடிக்கப் போகிறார்கள். எனக்கு அவர் சொல்வது பொய்யாகத் தோன்றவில்லை.

நேற்று உங்கள் அண்ணன் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தெருவாசலைத் தட்டினார். நான் தீர்சாளைப் பின்வாசலுக்கு இழுத்துப் போனேன். அங்கே மில்காவைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். "உன் பிள்ளைன்னு சொல்லு. நாங்க வந்து கேக்கிற வரைக்கும் அவ உன் பிள்ளைதான்" என்றேன். தீர்சாள், "நீங்களும் வாங்கம்மா, இதுக்கு மேல யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்காக என்று சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டேன்.

திட்டுவீர்கள். திட்டுங்கள். அந்தக் கன்றின் இரத்தம் பட்டது என் காலில், உங்கள் காலில் இல்லை. சத்தியம் மீறினால் எனக்கும் அந்தக் கதிதான் என்று சொல்லி நடந்திருக்கிறேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. மில்காவுக்குப் பதிலாக நான்தான் இப்போது கூரையில் நிற்கிறேன். சீக்கிரம் வாருங்கள். இல்லாவிட்டால் போ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அது போதும்.

உங்கள் எப்சி


காசா சாலை,
பன்னிரண்டாம் மாதம்

எப்சி, போ. உடனே போ. பார்வோன் திரும்புகிறான். கல்தேயர் எதிரே வருகிறார்கள் என்றதும் தேர்களைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள், அந்தக் கட்டளையையும் நான்தான் மொழிபெயர்த்தேன். என்னையும் விடாமல் எகிப்துக்கு இழுத்துப் போகிறார்கள். வீடு போனால் போகட்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். தீர்சாளிடம் போ.

பெலத்தியா


தக்பானேஸ், எகிப்து,
பதினோராம் வருஷம், முதல் மாதம்

மிஸ்பாவில் இருக்கும் தீர்சாள் அம்மாவுக்கு, பெலத்தியா வணங்கி எழுதுவது.

உங்களை ஏய் என்றே கூப்பிட்டுப் பழகினவன் நான். படிக்கத் தெரிந்த யாராவது இதைப் படித்துக் காட்டும்போது, அந்தப் பழைய குரலை மனசில் வைக்காதீர்கள்.

போ என்று எப்சிக்கு எழுதின கடிதத்தை ஊரி பிரிக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவர் போனபோது கல்தேயர் மறுபடி மதிலைச் சுற்றி வளைத்துவிட்டார்களாம். வாசல் பூட்டிக் கிடக்கிறதாம். தூரத்தில் நின்று பார்த்தாராம், கூரைகளில் ஆட்கள் நிற்பது தெரிந்ததாம். யார் என்று அடையாளம் தெரியவில்லையாம்.

உங்களைப் பிடித்து வைக்கச் சொன்னவன் நான். அவள் அதைக் கேட்கவில்லை, அதனால் என் பிள்ளை வெளியே இருக்கிறாள். அவளை அங்கேயே இருக்கச் சொன்னேன், அதைக் கேட்டாள். இரண்டில் அதைப் போய் ஏன் கேட்டாள் என்று தினமும் அழுகிறேன்.

மில்கா உங்கள் பிள்ளையாகவே வளரட்டும். கேட்டு வர எனக்கு முகமில்லை, வழியும் இல்லை. ராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், அது உங்களுக்குத் தெரியும். அம்மா எங்கே என்று கேட்டால் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். என்னைப் பற்றியும் எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், செத்துப்போனேன் என்றுகூடச் சொல்லுங்கள்.

அப்பா பார்வோனைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் நம்பிக் காத்திருப்பாள்.

பெலத்தியா