இடது கன்னத்து மச்சம்

1946 ஜனவரி 7, திங்கள்

ராணுவ டிப்போவில் இன்றும் வேலை இல்லை. யுத்தம் முடிந்ததிலிருந்து ஆவடியே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. எங்களைப் போன்ற தற்காலிக குமாஸ்தாக்களைக் கோடைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. கலீலுல்லாவும் நானும் ஃபைல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்குப் படித்தோம். அவன் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவன். சாப்பாட்டுத் தூக்கோடு பொது அறிவுப் புத்தகத்தையும் கேரியரில் கட்டிக்கொண்டு வருவான்.

அந்தப் புத்தகத்தைத் தொட்டாலே குமட்டுகிறது. ராஜாவின் இரண்டாவது மகள் யார்? எந்தத் தீவில் கிராம்பு விளைகிறது? இதையெல்லாம் தெரிந்துகொண்டு தாலுகா ஆபீசில் யாருக்கு என்ன எழுதிக் கொடுக்கப் போகிறேன்? புத்திக்கூர்மை என்று புதிதாக ஒரு தாள் வேறு. 2, 6, 12, 20. அடுத்த எண் என்ன? நர்மதை, கோதாவரி, நீலகிரி, கிருஷ்ணா. இதில் எது சேராது? அசட்டுத்தனம்தான். ஆனாலும் விடை சட்டென்று பிடிபடும்போது உள்ளே ஒரு குதிப்பு. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 10

தாளித்தால் கடுகு வெடிப்பது போல இருக்கிறது மண்டை. இன்று எதுவும் ஏறவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

மண்ணூர்பேட்டையிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தார்கள். கல்யாணமாகி இது இரண்டாவது பொங்கல். மாமா நன்றாகச் சாப்பிட்டார், நைனாவின் கட்டிலில் ஒரு தூக்கம் போட்டார், சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

“கன்னியம்மா கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். நான் சொல்லி அனுப்பறேன்” என்றார்.

எதற்கு என்று நைனா கேட்கவில்லை. அக்காவின் டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு பண்டிகைக்கு யாரும் அத்தனை புடவை எடுத்து வரமாட்டார்கள்.

ஜனவரி 20, ஞாயிறு

எதற்கு என்று இன்று தெரிந்தது.

மாமாவும் அவருடைய அம்மா அன்னம்மாளும் வந்தார்கள். மாமாவும் இதே பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தவறியவர். இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது.

அன்னம்மாள் நைனாவைப் பார்த்துத்தான் பேசினாள். நான் அங்கே இல்லாதது போல.

“ஒங்க புள்ளைக்கு வயசு கீது, அடுத்த வருசம் எழுதிக்கலாம். எம்புள்ளைக்கு இத்த உட்டா வழியே இல்ல. மணவாளன் பரீட்ச அன்னிக்கி அவன் எடத்துல போயி ஒக்காந்து எழுதிட்டு வரட்டும். நாங்க மருமவள வந்து கூட்டிகினு போறோம்.”

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா வெற்றிலையை மென்றுகொண்டு கோழி மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுத மாட்டேன்னா?” என்று கேட்டேன்.

“மாட்டேன்னா இன்னா கண்ணு, அவ எங்க இருக்காளோ அங்கயே இருக்கட்டும்” என்றாள் அன்னம்மாள். கண்ணு என்றாள்! இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன், நானே ஏதோ அழுகியதைத் தின்றுவிட்டது போல.

மாமா என்று எழுதக் கை கூசுகிறது. இனி ஜம்புலிங்கம்.

ஜனவரி 22

நைனாவும் அவர்கள் பக்கம்தான். “ஒரு நாளு பரீட்சைதானடா. அவ வாழ்க்கடா அது” என்கிறார். முறைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 27, ஞாயிறு

சரி என்று சொல்லிவிட்டேன்.

கிணற்றடியில் பெண்கள் அக்காவைத் தினமும் கேட்கிறார்களாம், எப்போ போறே, எப்போ போறே என்று. நைனா ராத்திரிச் சோற்றைத் தொடுவதில்லை. ஒரு வாரம் தாங்கினேன். அதற்கு மேல் நான் என்ன கல்லா?

நான் சொன்னபோது அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. நன்றியில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பரீட்சைச் சீட்டை என்ன செய்வது? பெட்டியின் அடியில் போட்டிருக்கிறேன். கலீலுல்லாவிடம் சொல்லவில்லை. அவன் வழக்கம் போலத் தீவு, நதி, தலைநகரம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜம்புலிங்கத்தின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அடையாளம் என்ற இடத்தில் ‘இடது கன்னத்தில் கறுப்பு மச்சம்’ என்று இருக்கிறது. ஹாலில் புத்தகத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்ப்பார்களாம். என் கன்னம் வெறும் கன்னம். மை வைத்தால் வியர்வையில் கரையும். அன்னம்மாளுக்கு யோசனைக்கா பஞ்சம்? வண்ணான் துணிக்குக் குறி போடுகிற சேராங்கொட்டையை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்தாள்.

“சலவைக்கே போவாது. மூஞ்சிலயா போவப் போவுது?”

கொட்டையில் ஊசியைக் குத்தி, சுட்டு, கசிந்த பாலை என் கன்னத்தில் வைத்தாள். அவள் மூச்சில் புகையிலை நாற்றம். ஜம்புலிங்கம் தன் மச்சத்தை விரலால் காட்டி, “இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம் பெரிசா” என்றான். சிரித்தான். நைனா கொல்லைப் பக்கம் போய்விட்டார். அக்கா மட்டும் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மாட்டுக்குச் சூடு போடும்போதுகூட மாடு உதைக்கும். நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ!

பிப்ரவரி 14

எரிகிறது. கன்னம் முழுக்கக் கொப்புளம். இடது கண் பாதி மூடிவிட்டது. அக்கா தேங்காய் எண்ணெய் போட்டாள். டிப்போவுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 16, சனி

எழுதிவிட்டு வந்தேன். அவன் பெயரில்.

பட்டணத்தில் ஒரு ஹைஸ்கூல். மேற்பார்வையாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அங்கே மச்சமா இருந்தது? சீழ் கட்டிய ஒரு சதைதான் இருந்தது. “என்னப்பா இது?” என்றார். “கட்டி, சார்” என்றேன். அருவருத்து முகத்தைச் சுளித்து, புத்தகத்தை நுனி விரலால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் சோதனை. இதற்கா வெந்தேன்?

இன்னும் கேவலமான ஒன்று உண்டு. புத்திக்கூர்மைத் தாளைப் பிரித்ததும் எனக்கு எல்லாமே மறந்துபோயிற்று. வலி, அன்னம்மாள், அக்கா, எதுவும் நினைவில்லை. ஒவ்வொரு கணக்கும் வாயைத் திறந்துகொண்டு எனக்காகவே காத்திருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டு, சந்தோஷமாக, ஆமாம், சந்தோஷமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதல் பக்கத்தில் இருந்த பெயர் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 17

யாரும் அக்காவைக் கூப்பிட வரவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மே 23, வியாழன்

ஜம்புலிங்கம் பாஸ். சாதாரண பாஸ் இல்லை, மேல் வரிசையில் பாஸ். கலீலுல்லாவும் பாஸ்.

டிப்போ எங்களை அனுப்பிப் பத்து நாளாகிறது. கலீலுல்லா வீட்டுக்கே வந்துவிட்டான். “ஒன் நம்பரு எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி. காலியாவே இருந்துச்சி. காய்ச்சலோன்னு நெனச்சி துவா கேட்டேன் மச்சான். அப்பறம் பாத்தா எதிர் ஹால்லேர்ந்து நீ வெளிய வர்ற. மூணு மாசமா நானா கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். இன்னா அது?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் தோளில் போட்டிருந்த கையை எடுத்துக்கொண்டான். செங்கல்பட்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் மூன்று மாதமாக ஜம்புலிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

ஜம்புலிங்கம் வந்தான். புது அல்பாகா கோட்டு. சைதாப்பேட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் சேர்ந்துவிட்டானாம். அக்காவை அழைத்துப் போக வந்திருக்கிறான். நைனா ஓடியோடி உபசாரம் செய்தார்.

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடி எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தான்.

“அடுத்த பரீட்சைக்கு இப்பவே ஆரம்பிச்சிடு மணவாளா. அந்தப் புத்திக்கூர்ம பேப்பர் கீது பாரு, அத்த மனப்பாடம் பண்ண முடியாது. மனசு ஒரே எடத்துல நிக்கணும். பதறக் கூடாது.”

விளையாட்டாகச் சொல்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னான். தானே எழுதியதாகவே அவன் நம்ப ஆரம்பித்துவிட்டான்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அக்கா. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அப்படியும் அடக்க முடியாமல் சிரித்தாள்.

“இன்னாடி இளிப்பு? பொட்டிய எடு, கெளம்பு” என்றான்.

அவள் வெளியே வந்தாள். “பரீட்சைக்கு ஆள அனுப்பினீங்க. என்னக் கூப்புட மட்டும் நேரா வந்துட்டீங்களே” என்றாள். “நான் வரல.”

நைனா கையெடுத்துக் கும்பிட்டார், அவளையும் அவனையும் மாறி மாறி. ஜம்புலிங்கம் கத்தினான். எங்கள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்தான். அக்கா திரும்பிப் போய்ப் பாத்திரத்தை விளக்கத் தொடங்கினாள். அவன் போய்விட்டான்.

ஜூன் 3

விடிந்ததும் அக்காவிடம் பாய்ந்தேன். எனக்கு ஆத்திரம். “ஒனக்காகத்தானே மூஞ்சிய வேக வச்சிகினேன்? ஒனக்காகத்தானே என் பரீட்சைய உட்டேன்? போவ மாட்டேன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“நீ கேட்டியா?” என்றாள்.

வெளியே கிளம்பப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“மாமியா கேக்கல. நைனா கேக்கல. நீயும் கேக்கல. எல்லாரும் கூடிப் பேசி முடிச்சிட்டு, கன்னியம்மா போவப் போறான்னு சொன்னீங்க. ஒன் மூஞ்சில அந்தப் பால வெக்கும்போது அந்தாளு சிரிச்சிகினு இருந்தாரு. அப்பவே எனக்குத் தீந்துபோச்சி.”

பிறகு என் கன்னத்துத் தழும்பைப் பார்த்தாள். “ஒம்மேலயும் கோவந்தான்” என்றாள்.

நன்றி என்று நினைத்தேனே அன்றைக்கு. மடையன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூந்தமல்லியில் ஒரு லாரி ஆபீசில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்று விடுமுறை. காட்டுப்பாக்கத்திலிருந்து வேம்புலி என்று ஒருவர் தேடி வந்தார். மாட்டு வண்டிகளும் கொஞ்சம் நிலமும் உள்ளவர். ஜம்புலிங்கத்துக்கு அவருடைய மகளை இரண்டாம் தாரமாகக் கேட்கிறார்களாம்.

“மொத சம்சாரத்து ஊட்டுல விசாரிக்கறது மொறையில்லதான். ஆனா பொண்ணக் குடுக்கறவன் கேக்கணுமில்ல? மாப்ள ரொம்பப் புத்திசாலியாமே. பரீட்சையில மேல வந்தாராமே?”

வாயைத் திறந்தால் எனக்குச் சர்க்கார் கதவு சாத்தப்பட்டுவிடும். ஒருவேளை அதைவிட மோசமாகவும் ஆகும். தெரிந்துதான் சொன்னேன். “அந்தப் பரீட்சைய எழுதினது நான்தாங்க.” எப்படி, எதற்கு, எல்லாம் சொன்னேன். கன்னத்தைக் காட்டினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “தூ” என்று வாசலில் துப்பிவிட்டு எழுந்து போனார். யாரை நினைத்துத் துப்பினார் என்று தெரியவில்லை. எப்படியும் எனக்கு லேசாகத்தான் இருந்தது.

அக்டோபர் 26, சனி

கல்யாணம் நிற்கவில்லை. லாரி ஆபீசுக்கு வந்த காட்டுப்பாக்கத்து ஆள் சொன்னார். வேம்புலி சொன்னாராம்: “யாரு எழுதினா இன்னா? சம்பளம் அவனுக்குத்தான வருது?”

இந்த ஊரில் எதைச் சொன்னால்தான் ஒருவனுக்கு உறைக்கும்? பொய்க்கும் விலை உண்டு. நிஜத்துக்கும் அதே விலைதானா?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு பேரு இன்னா?” என்றாள்.

தெரியவில்லை. வேம்புலியிடம் அவ்வளவு நேரம் பேசினேன், அதை நான் கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

அக்கா காலையிலேயே தனியாகக் காட்டுப்பாக்கம் போனாள். நைனா தடுத்துப் பார்த்தார். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள், கால் முழுக்கப் புழுதி.

“வசந்தான்னு பேரு. பதினேழு வயசு இருக்கும். ஏரிக்கரையில துணி தொவச்சிகினு இருந்தா.”

“நடந்ததெல்லாம் சொன்னியா?”

“அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிகீது. ஊட்டுல பேசிகினாங்களாம். நான் வேற எதுவும் சொல்லல. ஒனக்கு இஷ்டமாடின்னு கேட்டேன்.”

“இன்னா சொன்னா?”

“புழிஞ்ச துணியவே மறுபடி மறுபடி புழிஞ்சிகினு இருந்தா. நானும் கூட ஒக்காந்து ரெண்டு பொடவ அலசிக் குடுத்துட்டு வந்தேன்.”

நவம்பர் 9, சனி

காட்டுப்பாக்கத்தில் கல்யாணம் இல்லையாம். பெண் மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். வேம்புலி அடித்தும் பார்த்தாராம்.

அக்காவிடம் சொன்னேன். “எந்தக் கையால அடிச்சானோ” என்றாள். பிறகு, திங்கட்கிழமை பூந்தமல்லி போகும்போது தன்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டுப்பாக்கத்தில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். டிரைவரிடம் கேட்க வேண்டும்.