லாரிக்குப் பின்னால் ஒரு மலை

28-11-1999, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பெயிண்ட் காயாது. பட்டறையில் வேலை இல்லை.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நினைத்து நினைத்தே மருகிக்கொண்டிருப்பேன். கொல்லிமலைக்காரர்கள் ஒரு பழைய லாரி வாங்கியிருக்கிறார்கள். மலை மேல் வளப்பூர் நாட்டுப் பக்கம். பொன்னாயி என்ற அம்மாள், வீட்டுக்காரர் சடையன். மரவள்ளியும் மிளகும் ஏற்ற. பின்கதவில் எங்கள் மலையை வரையுங்கள் என்றார்கள். வரைந்தேன். இரண்டு கூம்பு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, நாலு பறவை. இருபத்திரண்டு வருடமாகப் போடுகிற சீனரி. ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "இது யாரு ஊட்டு மலைங்க?" என்றார்.

பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம வண்டிக்குப் பூசைங்க. அதுக்குள்ள எங்க மலை வரலீன்னா கதவு பூரா வெறும் பச்சையை அடிச்சு வுட்டுருங்க. அடுத்தவங்க மலையை முதுகுல கட்டிக்கிட்டு நாங்க சுத்த முடியாதுங்க."

கோபம். ராத்திரிச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி சரசு சொல்கிறாள்: "பட்டறை வாசல்ல நின்னா தெரியற மலைதான? ஒருக்கா ஏறிப் பாத்தா காலு தேஞ்சா போயிரும்?"

ஏறியதில்லை. உண்மைதான்.

எடுத்துப் போக: ஸ்வெட்டர், பென்சில் 2, கோடு போடாத நோட்டு, பீடி, தைலம்.

29, திங்கள்

மழை விட்டது. சேந்தமங்கலம் வழியாக பஸ். எழுபது வளைவு. முப்பதிலேயே வாந்தி. பக்கத்து சீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். "மோந்துக்குங்க சாமி. வளைவை எண்ணாதீங்க, எண்ணுனா இன்னும் வரும்."

மேலே இறங்கினால் மலையைக் காணோம். நெல் வயல், சேறு, தோட்டம். எங்கள் நாமக்கல் மாதிரிதான், குளிர் மட்டும் கூடுதல். மலை மேல் நின்றுகொண்டு மலை எங்கே என்று யாரிடம் கேட்பது? வெட்கமாக இருந்தது.

பொன்னாயி வீட்டில் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. பிறகு, செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுத் தோட்டத்தைக் காட்டினார். பலா மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. அடியில் காப்பிச் செடி. அதற்கும் அடியில் அன்னாசி, இஞ்சி. எது நட்டது, எது தானாக வந்தது என்று தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஏனுங்க அம்மணி, இதுல எந்தப் பச்சையை நான் போடறது?"

"எந்த மாசத்துக்குங்க வேணும்?"

அப்புறம் அவரே சொன்னார். "ஆடியில காத்தடிச்சா எலையெல்லாம் திரும்பிக்கும், வெளுப்பாத் தெரியும். தையில மொளகு செவக்கும். பங்குனியில ஒரு மழை வுழுந்தாப் போதும், காப்பி பூத்துரும். ரெண்டு மூணு நாளைக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்கும். சித்திரையில பலா பழுத்துச்சுன்னா அந்த வாசத்துக்கு ஊட்டுக்குள்ள படுக்க முடியாதுங்க."

நோட்டில் குறித்தது:
ப. இலை – கறுப்பு சேர்க்கணும்.
மி. கொடி – அதைவிடக் கொஞ்சம் மங்கல்.
காப்பி – வார்னிஷ் அடித்த மாதிரி.
அன்னாசி – சாம்பல்.
வாழைக் குருத்து – மஞ்சள், நிறைய.
பாசி – ?
பதினொன்று வரை போனது. பட்டறையில் பச்சை டப்பா ஒன்றே ஒன்று.

30, செவ்வாய்

நாள் முழுக்கப் பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. பலா மரம் வந்து வந்து போகிறது. தைலம் தீர்ந்தது.

நோட்டை மடியில் வைத்தால் கை தானாகக் கூம்பு போடுகிறது. நடுவில் சூரியன். நாய்வாலை நிமிர்த்த முடியுமா? நாலு பக்கம் கிழித்தேன். இரண்டு நாள் பஸ்ஸுக்கும் குளிருக்கும் பட்ட பாடு வீண்தானோ என்று பயம்.

ராமேஸ்வரம் ஞாபகம். போன வருடம் சரசுவோடு. லாரிக்கு லாரி தீவும் தென்னையும் போடுகிறோமே, நிஜத் தீவைப் பார்க்கலாம் என்று போனது. விடியற்காலையில் கடல் பால் கலந்த பச்சையாக இருந்தது. அசந்துபோனேன். பட்டறைக்கு வந்து பழையபடி நீலமே அடித்தேன். லாரி ஓனருக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். கண்டதை வரையத் தைரியம் இல்லாதவன் நான். இதை சரசுவிடம்கூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் கேட்டேன், தோட்டத்துக்கு அந்தக் கடைசியில் என்ன இருக்கிறது என்று.

பொன்னாயி: "அங்க என்னங்க இருக்குது. பள்ளம்தான்."

டிச. 1, புதன்

 

காலை ஆறரை. சடையன் மிளகுக் கொடி பார்க்கப் போனார், கூடவே போனேன். பனி எங்கள் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. தோட்டம் முடிகிற இடத்தில் பூமி முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மேகம். வெள்ளையாக, அசையாமல், வானம் தொடும் வரை. நாமக்கல் இல்லை, பட்டறை இல்லை, சரசு இல்லை, எல்லாம் அதற்கு அடியில். தூரத்தில் இரண்டு குன்றின் தலை மட்டும் வெளியே. தீவு. ராமேஸ்வரத்தில்கூட இப்படித் தெரியவில்லை. நான் நின்ற இடமும் தீவுதான்.

கும்பிட வேண்டும்போல் இருந்தது, கும்பிட்டேன்.

சடையன்: "கோயிலு அந்தப் பக்கமுங்க."

நோட்டில் நாலே கோடு. இடது ஓரம் மிளகுக் கொடி, தூரத்தில் இரண்டு குன்று. மீதியெல்லாம் காகிதத்தின் வெள்ளை. கூம்பு வரவில்லை. மத்தியான பஸ். வாந்தி இல்லை.

2, வியாழன்

வெயில். பழைய சீனரியைச் சுரண்டி எடுத்தேன். வெள்ளை இரண்டு கோட். கொடிக்கு மட்டும் ஐந்து பச்சை, டப்பா மூடிகளில் கலந்து. மத்தியானச் சாப்பாடு மறந்துபோனது.

நாலு மணி வாக்கில் பட்டறை மேஸ்திரி வந்தார். "என்ன மாமா, பாதிக் கதவைச் சும்மா வுட்டுட்டீங்க?"

"மேகம்."

"மேகமுங்களா? பெயிண்ட் தீந்துபோச்சுன்னுதான் நெனைப்பாங்க. ஒரு சூரியனாச்சும் வையுங்க."

பிரஷ்ஷில் சிவப்பைத் தொட்டுவிட்டேன். கதவுக்கு அருகில் போனது கை. ராமேஸ்வரம் ஞாபகம் வந்தது. பிரஷ்ஷை டர்பன்டைனில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பச்சை டப்பாவைத் திறந்து தயாராக வைத்திருப்பதாக மேஸ்திரி சொல்லி அனுப்பினார்.

3, வெள்ளி

ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம். சடையன் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பொன்னாயி கதவுக்கு நேராகப் போய் நின்றார். மேஸ்திரி டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுல எங்க தோட்டம் எங்கீங்க?"

நான்: "நீங்க நிக்கற எடந்தானுங்க தோட்டம். அங்கிருந்து பாக்கறாப்புல போட்டிருக்கறேன்."

பொன்னாயி குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பட்டறைத் தரை, எண்ணெய், இரும்புத் தூள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வந்து நின்றார்.