கோவாக்காரன் என்று சொல்

தாம்பரம், 1969

அருமை மருமகன் எலியேசருக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

பம்பாயில் மதராஸிகளை அடிக்கிறார்கள், வேலையை விட்டுத் துரத்துகிறார்கள் என்று பேப்பரில் படித்தோம். எனக்கு ஒன்றும் பயமில்லை. பல்லாவரம் சந்தைக் கலவரத்தையே ஒரு அதட்டலில் அடக்கியவன் நான். உன் அம்மாதான் பயப்படுகிறாள்.

யாராவது மறித்துக் கேட்டால் பேரைச் சொல்லி, கோவாக்காரன் என்று சொல். நம் வேதக்காரப் பேர் உன்னைக் காப்பாற்றும். ஆனால் சாயங்கால ஜெபத்தில் கீர்த்தனையை நம் வீட்டு வழக்கப்படி ஓங்கிப் பாடாதே, தமிழ் வெளியே கேட்கும். மனசுக்குள் பாடு. கர்த்தருக்குக் காது நல்லாக் கேட்கும்.

இல்லாவிட்டால் புறப்பட்டு வந்துவிடு. இங்கே ஒரு பாக்டரி மேனேஜரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "இந்த ஊர் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் வேலை சார். உங்க பையன் பம்பாய் ஆளாச்சே" என்றார்.

"என்னா சார், அங்கே போனா மதராஸி, இங்கே வந்தா பம்பாய்க்காரனா?" என்று ஒரு போடு போட்டேன். மனுஷன் வெலவெலத்துப் போனார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னைக் கேட் வரைக்கும் மரியாதையாகக் கொண்டுவந்து விடச் சொன்னார்.

உன் அம்மாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். பேப்பர் பார்த்த நாளிலிருந்து பட்டினி கிடந்தவள், இன்றைக்குத்தான் சோறு தின்றாள். வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ வந்து சேர்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்