நாலாவது ஆள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று சாயங்காலம் கூலிச் சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டு உனக்கு ஒரு போன் வந்ததே, அது நான்தான். நான் சாயங்காலம் பார்க்கிற கருத்துக்கணிப்பு வேலையில், யாரைக் கூப்பிடுவது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் நான் வாசிக்க வேண்டும். 'அண்ணா' என்று கூப்பிட அதில் இடமில்லை. நம் சலவைக் கடை மெஷின் சத்தத்தில் என் குரல் உனக்குப் பிடிபடவும் இல்லை.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம்மா, இப்பக் குடுக்கறதுக்கே நாக்கு தள்ளுது" என்றாய். கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"மூணு பேர். தங்கச்சி ஒருத்தி சும்மா கூடமாட இருப்பா."

அண்ணா, கடை திறந்ததிலிருந்து மத்தியானம் வரை இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறேனே, அதுதான் கூடமாட இருப்பதா? கையைச் சுட்டுக்கொண்டால் அண்ணி மருந்து தடவிவிடுவார். பாவம், உன் கணக்கில் அவரும் சும்மாதான்.

நீ சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் பதிவு செய்துவிட்டேன். இந்த வேலையில் கேட்கிறவளின் கருத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்: திங்கட்கிழமை நான் வந்தால், அந்த மூன்று பேருக்குக் கொடுக்கிற கூலிக்கு நாலாவது ஆளாகத்தான் வருவேன். இல்லையென்றால் பெட்டியை நீயே பிடித்துக்கொள்.

அடுத்த முறை யாராவது கேட்டால், விரலை மடக்கி ஒழுங்காக எண்ணிச் சொல்.

இப்படிக்கு,
இதுவரை சும்மா இருந்த தங்கச்சி